காணொளியில் மருத்துவர், வீட்டில் நோயாளி: பில்லில் செய்யக்கூடாத தவறுகள்

வீட்டில் இருக்கும் அம்மாவிடம் மருத்துவர் காணொளியில் பேசினால், "அதெல்லாம் மெடிஷீல்டு லைஃப் (பெரிய மருத்துவமனைப் பில்களுக்கான சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதி) பார்த்துக்கொள்ளும்" என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். சிங்கப்பூரின் தேசியத் திட்டங்களில் காணொளிக்கென்று தனிக் காப்புறுதி கிடையாது. அந்த அழைப்பு எந்தச் சிகிச்சையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் பணம் எங்கிருந்து வரும் என்பது முடிவாகும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்க்கான தொடர் சிகிச்சை என்றால் சாஸ் மானியமும் (மருந்தகக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் உதவி; மருந்தகம் என்றால் இங்கே கிளினிக்) மெடிசேவும் (மருத்துவச் செலவுக்கான மத்திய சேமநிதிக் கணக்கு) கைகொடுக்கும். 2020 ஏப்ரலில், கொவிட் காலத்தில், இதற்கு வழி திறந்தது. ஆனால் அது முகம் பார்த்துப் பேசும் காணொளியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அளவுகளை அனுப்பிவிட்டு, போனிலேயே "அதே மருந்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் மானியம் கிடைக்காது. சளி, காய்ச்சலுக்குச் செயலியில் பேசிவிட்டு நாட்பட்ட நோய்க்கான மெடிசேவில் கழிக்கச் சொல்வதும் நடக்காது.

மெடிசேவ் முழுப் பில்லையும் கட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். நீல சாஸ் அட்டை வைத்திருக்கும், ஹெல்தியர் எஸ்ஜியில் (ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் தேசியத் திட்டம்) சேராத ஒருவருக்கு ஒரே ஒரு நாட்பட்ட நோய், பில் 150 வெள்ளி என்று வையுங்கள். மானியம் 80 வெள்ளி வரை போனால் மீதி 70. அதில் 15 விழுக்காடு, அதாவது 10.50 வெள்ளி, ரொக்கம். மிச்சம் 59.50 தான் மெடிசேவில் கழியும். ஹெல்தியர் எஸ்ஜியில் சேர்ந்தவர், தாம் பதிந்த மருந்தகத்திலேயே நாட்பட்ட நோயைப் பார்த்துக்கொண்டால் இந்த 15 விழுக்காடு ரொக்கம் தேவையில்லை. பலர் இதைத் தெரியாமலேயே வேறு மருந்தகத்தை அழைக்கிறார்கள். பிள்ளையின் மெடிசேவிலிருந்து கட்டுவதென்றால் பிள்ளை ஒப்புதல் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். அழைப்பு முடிந்த பிறகு அலுவலகத்தில் இருக்கும் மகனைத் தேடுவது வீண் அலைச்சல்.

வீட்டில் எடுத்த இரத்த அழுத்த அளவுகள் இல்லாமல் அழைப்பில் உட்காருவது இன்னொரு வீண் செலவு. எண்கள் இல்லாவிட்டால் மருத்துவரால் மருந்தின் அளவைத் துணிந்து மாற்ற முடியாது. "நேரில் வாருங்கள்" என்பார், இரண்டாவது பில் வரும். ஒரு வாரம் காலையில் மருந்துக்கு முன்பும், பிறகு மாலையிலும் அளந்து எழுதுங்கள். அளப்பதற்கு அரை மணி நேரத்துக்குள் காப்பி வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். இல்லப் பணிப்பெண் அளப்பதாக இருந்தால், இதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள்.

எம்ஐசி அட் ஹோம் முற்றிலும் வேறு கணக்கு. மருத்துவமனைக் குழு நோயாளியை அனுமதித்து, வார்டுக்குப் பதிலாக வீட்டிலேயே கவனிக்கும் ஏற்பாடு இது. 2024 ஏப்ரல் 1 முதல் வழக்கமான சேவையாகிவிட்டது. காணொளி மருத்துவர், வீட்டுக்கு வரும் தாதி எல்லாம் உள்நோயாளிப் பில்லில் சேரும். அதனால் மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ், மானியம் எல்லாம் வார்டில் இருப்பதுபோலவே பொருந்தும். இங்கே குடும்பங்கள் தவறுவது ஒரே இடத்தில்: "வீட்டுக்கு வந்துவிட்டாரே, டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்" என்று நினைத்து இரவில் தனியார் மருத்துவரைக் காணொளியில் அழைக்கிறார்கள். அந்தப் பில் மருத்துவமனைக் கணக்கில் சேராது. அதைவிட, நோயாளியை அறிந்த குழுவுக்குத் தகவலே போகாது என்பது பெரிய ஆபத்து. குழு கொடுத்த எண்ணையே அழையுங்கள். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் அவசர மருத்துவ வண்டிக்கு 995.

நீண்டகாலமாகப் படுக்கையில் இருப்பவருக்கு மானியத்துடன் வீட்டு மருத்துவமோ தாதிமையோ வேண்டுமானால் பரிந்துரையும் குடும்ப வருமானச் சோதனையும் முன்னதாக முடிய வேண்டும். மருத்துவமனையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்த அழைப்பானாலும், முன்பதிவு செய்யும்போதே "இதற்கு சாஸ், மெடிசேவ் உண்டா? மருந்தை வீட்டுக்கு அனுப்பத் தனிக் கட்டணமா?" என்று கேளுங்கள். சாஸ் மானியத்தை மருந்தகம்தான் கோர முடியும். முழுத் தொகையையும் கார்டில் கட்டிவிட்டு, ரசீதுடன் நீங்களே போய் வாங்கிக்கொள்ள வழியில்லை.