பையா, அன்டிலா?

ஆங்கிலத்தில் கெடு சொல்லும்போது, தமிழில் ‘க்குள்’ வந்தால் பை (by) போடுங்கள், ‘வரை’ என்ற பொருளில் ‘மட்டும்’ வந்தால் அன்டில் (until). விண்ணப்பத்தை வெள்ளிக்குள் கல்முனைக் கந்தோரில் கொடுக்க வேண்டுமா, பை ஃபிரைடே. கந்தோர் வெள்ளி மட்டும் பூட்டியிருக்குமா, அன்டில் ஃபிரைடே. பை என்பது அந்த நாளிலோ அதற்கு முன்னோ எப்போதாவது ஒருமுறை முடிகிற வேலைக்கு. அன்டில் அதுவரை விடாமல் தொடர்கிற நிலைக்கு. ‘வரை’ என்பதை நாங்கள் மட்டக்களப்பில் ‘மட்டும்’ என்று பேசுவது இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது. (ஒன்லி என்கிற ‘மட்டும்’ வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எதிர்மறையில் கொஞ்சம் கவனம்: நொட் அன்டில் ஃபிரைடே என்றால் வெள்ளிக்கு முன் கிடையாது, வெள்ளி வந்தால்தான். இடத்துக்கும் இந்த வழி சரிவராது. பை த லகூன் என்பது வாவியோரம்தான்.