ஹெலிகான் குழாயில் பிளாஸ்மாவை நீளவாக்கில் அளப்பது எப்படி?

ஹெலிகான் குழாய் என்பது காந்தப்புலத்துக்குள் வைத்த குழாயில், ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையால் வாயுவை அயனிகளும் எலக்ட்ரான்களுமான பிளாஸ்மாவாக்கும் கருவி. ஆன்டெனாவுக்கு நேர் உள்ளேதான் பிளாஸ்மா அடர்த்தி உச்சத்தில் இருக்கும் என்று நினைத்து அளக்கத் தொடங்கினால் முதல் வரைபடமே குழப்பும். ஹெலிகானில் பல நேரம் உச்சம் ஆன்டெனாவைத் தாண்டி ஒரு சாண் தள்ளிக்கூட வரும். ஆன்டெனா பக்கத்தில் சூடேறிய எலக்ட்ரான்கள் தள்ளிப்போகப் போக ஆறுகின்றன. அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கி வரும் அழுத்தம் காந்தப்புலக் கோட்டின் நெடுக ஏறக்குறைய ஒன்றாக இருக்கப் பார்க்கும். அதனால் வெப்பம் குறைகிற இடத்தில் அடர்த்தி ஏறுகிறது. முறுக்கு ஆன்டெனா என்றால் காந்தப்புலத்தைத் தரும் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். உச்சம் மறுபக்கம் தாவினால் நீங்கள் பார்ப்பது ஹெலிகான் அலையின் வேலைதான்.

தொடங்க 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, 500 வாட் திறன், 200 காஸ் காந்தப்புலம், 3 மில்லிடார் அழுத்தத்தில் ஆர்கான் போதும். திறனை மெல்ல ஏற்றும்போது மங்கலான இளஞ்சிவப்பு ஒளி ஒரு கட்டத்தில் சட்டென்று நீலத் தண்டாக மாறும். அந்தத் தாவலுக்கு மிக அருகில் நின்று அளக்காதீர்கள். அளக்கும் கம்பியான புரோப் உள்ளே நகர்ந்ததுமே பிளாஸ்மா பழைய நிலைக்கு விழுந்துவிடும்.

புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில், வெற்றிட அறையைத் திறந்து மூடினால் சுவரில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது வெளிக்காற்றை விடாமல் உலர்ந்த நைட்ரஜனை விடுங்கள். மூடியபின் அரை மணி நேரமாவது ஆர்கான் பிளாஸ்மாவை ஓடவிட்டு, பிறகு அளக்கலாம். மேட்சிங் பாக்ஸில் (திறன் திரும்பாமல் ஆன்டெனாவுக்குப் போகச் செய்யும் பெட்டி) கெப்பாசிட்டர் இணைப்புகள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்எஃப் (ரேடியோ அலைத் திறன்) ஓடும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது.

புரோப்தான் உயிர். 0.25 மி.மீ. டங்ஸ்டன் கம்பியில் 5 மி.மீ. மட்டும் வெளியே நீட்டி, மீதியை அலுமினா குழாயில் மறையுங்கள். புரோப்பின் தண்டு குழாயின் அச்சோடு போவதால் முனையை 'ட' எழுத்துபோல மடித்து, புலத்துக்குக் குறுக்கே நிற்க வையுங்கள். முனைக்குப் பின்னால், முடிந்தவரை அருகில், 13.56-க்கும் 27.12-க்கும் ஒத்ததிரும் சோக்குகள் (ஆர்எஃப் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்கள்) வேண்டும். ஃபெரைட் உள்ளகம் வைத்த சோக் இங்கே ஆகாது; 200 காஸில் அது நிறைவுற்றுத் தூங்கிவிடும். பிளாஸ்மாவில் நிற்கும் ஒரு பெரிய துணை மின்முனையைச் சிறு கெப்பாசிட்டர் வழியே முனையோடு இணையுங்கள். சோக்கும் இதுவும் சேர்ந்துதான் ஆர்எஃப் அலைவை ஈடுசெய்யும்.

இதில் கஞ்சத்தனம் செய்தால், ஆர்எஃப் அலைவு புரோப்பின் மின்னோட்ட-மின்னழுத்த வளைவைத் தட்டையாக்கி எலக்ட்ரான் வெப்பநிலையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அலைவு ஆன்டெனா அருகில்தான் அதிகம் என்பதால், பொய்யும் அங்கேதான் பெரிது. உண்மையான வெப்ப உச்சமும் அதே இடத்தில் வருவதால் இரண்டையும் பிரிப்பது கடினம். ஈடுசெய்யாத புரோப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மிதவை மின்னழுத்தத்தை (புரோப்பில் நிகர மின்னோட்டம் சுழியாகும் மின்னழுத்தம்) ஒப்பிடுங்கள். ஈடுசெய்யாதது சில வோல்ட் கீழே காட்டினால், அந்த இடத்தில் அலைவு பலமாக இருக்கிறது. அங்கே ஈடுசெய்த புரோப்பின் வெப்பநிலையையும் சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும்.

அடர்த்தியை அயனி நிறைவு மின்னோட்டத்திலிருந்து (முனைக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்து அயனிகளை மட்டும் சேர்க்கும்போது வருவது) எடுங்கள். மேலே சொன்ன முனை, 3 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் வெப்பநிலை, கன செ.மீ.க்கு 10 இன் அடுக்கு 12 அடர்த்தி என்றால் சுமார் 1 மில்லியாம்பியர் வர வேண்டும். பத்து மடங்கு வந்தால் முதலில் அலுமினா மேல் உலோகம் படிந்து முனையின் பரப்பு பெருகியிருக்கிறதா பாருங்கள். நேர் மின்னழுத்தம் கொடுத்து எடுக்கும் எலக்ட்ரான் நிறைவை நம்பாதீர்கள். 200 காஸில் எலக்ட்ரான் சுழலும் ஆரம் சுமார் 0.2 மி.மீ., கிட்டத்தட்ட முனையின் தடிமன். தவிர, அந்தப் பக்கம் அதிக நேரம் நின்றால் முனை சிவந்து உருகும். ஒரு நொடி சிவக்கவிட்டால் சுத்தமாகும், அவ்வளவுதான்.

ஆன்டெனா அருகே 1 செ.மீ., தள்ளி 2 செ.மீ. படியாக நகர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் செலுத்திய திறனிலிருந்து திரும்பிய திறனைக் கழித்து, அதை மாறாமல் வையுங்கள். போகும்போது எடுத்ததைத் திரும்பும்போதும் எடுங்கள். இரண்டும் ஒட்டவில்லை என்றால் முனை அழுக்கு, இல்லை மேட்சிங் நகர்ந்திருக்கிறது. புரோப்பின் தண்டே புலக்கோட்டை மறைக்கும் என்பதால், பக்கவாட்டுப் போர்ட் வழியாக ஓரிரு இடத்திலாவது சரிபாருங்கள்.

புலம் விரியும் இடத்தில் பிளாஸ்மா மின்னழுத்தம் இறங்கும். எலக்ட்ரான்வோல்ட்டில் எடுத்த எலக்ட்ரான் வெப்பநிலையை அடர்த்தி விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் வரும் அளவுக்கே இறங்கினால் அது சாதாரணம். 1 மில்லிடாருக்குக் கீழே, அதைவிட அதிகமாக, ஓரிரு செ.மீ.க்குள் சரிந்தால் 2003 இல் இயற்பியலாளர்கள் சார்ல்ஸும் பாஸ்வெல்லும் ஆஸ்திரேலியாவில் கண்ட இரட்டை அடுக்கு (நேர், எதிர் மின்னூட்ட அடுக்குகள் ஒட்டி நின்று மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் இடம்) போன்றதாக இருக்கலாம். அங்கே மட்டும் படியை 5 மி.மீ. ஆக்கி மறுபடி எடுங்கள்.