ஸ்டுடியோவில் விளையாட்டும் அசைபோடுதலும்: எங்கே சறுக்குகிறோம்?

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ படம் வரைகிற பலருக்கு ஸ்டுடியோ என்பது மொட்டை மாடியில் ஒரு தகரக் கூரையும் பழைய மேசையும்தான். வேலை முடிந்து வந்தால் ராத்திரியில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதை உருப்படியாகச் செலவழிக்க வேண்டும் என்று நேராகக் கேன்வாஸ் முன்னால் போய் நிற்பதுதான் முதல் தவறு. நேரம் குறைவு என்று, முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்து பார்க்கும் விளையாட்டை வெட்டிவிட்டால், கை தெரிந்ததையே செய்யும். அதே காசிமேட்டுப் படகு, அதே கோணம், அதே நீலம்.

விலை உயர்ந்த தாளில் விளையாடப் பார்ப்பதும் வேலைக்கு ஆகாது. பாழாகிவிடுமோ என்ற பயத்திலேயே கை ஒழுங்குப் பிள்ளையாகிவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெரு முழுக்கத் தாள் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும்தான். வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருக்குமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

சரி, விளையாட்டு என்றால் மனம்போன போக்கில் கிறுக்குவதா? நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தெருவில் கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: சிவப்பைப் போட்டால் அடுத்து ஒரு காயைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும் என்பதால்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. வரைவதற்கும் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை மீன் ஏலத்தில் கைகளை மட்டும் வரைவது, முகமே கூடாது. பேனாவைத் தூக்காமல் ஒரு நிமிடத்துக்கு ஒரு படம். கோடே போடாமல், கறுப்புத் தாளைக் கத்தரித்து ஒட்டியே எண்ணூர்ப் புகைபோக்கிகளைக் காட்டுவது. பழகிய தந்திரம் எதுவும் செல்லாது என்றால் கை வேறு வழி தேடியே ஆக வேண்டும்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமானது, வரையும்போதே தீர்ப்புச் சொல்வது. 1926இல் பாரிஸுக்குப் போன அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், கம்பி, துணி, கார்க் எல்லாம் வைத்து ஒரு குட்டி சர்க்கஸ் செய்து, நண்பர்கள் முன்னால் தானே ஆட்டிக் காட்டினார். பார்க்கிறவர்களுக்கு அது பொம்மை விளையாட்டு. ஆனால் கம்பியும் சமநிலையும் அசைவும் அவர் கைக்குப் பழகியது அதில்தான். 1930களில் அவர் தொங்கவிட்ட அசையும் சிற்பங்களில் அந்தப் பழக்கம் தெரிகிறது. முதல் நாளே 'இது கலையா?' என்று கேட்டு மூட்டை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்காக, தீர்ப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தப்பு. வரைந்ததை நிதானமாகப் பார்த்து அசைபோட வேறொரு நாளை ஒதுக்குங்கள். வாரக் கடைசியில் எல்லாத் தாள்களையும் துணிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தலைகீழாகவும் மாட்டிப் பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்தால், வண்ணம் மறைத்துவைத்த இருள் வெளிச்சக் குழப்பம் அம்பலமாகிவிடும். தாளின் பின்னால் தேதி போடும் பழக்கம் இல்லையென்றால், எதற்கு அப்புறம் எது வந்தது என்றே தெரியாது. 'செம', 'மொக்கை' என்பதெல்லாம் அசைபோடுவதில் சேராது. எந்த உருவம் கேட்காமலே திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே கை தயங்கியது, அடுத்த வாரம் எந்த ஒன்றை மாற்றலாம் என்று எழுதி வையுங்கள்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று சீனியர்கள் ஒதுங்குவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பெரியமேட்டுக் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஐம்பது வயதைத் தாண்டி, 1963 வாக்கில்தான் படிக்கவே முடியாத எழுத்துகளையும் கணக்குக் குறிகளையும் கட்டங்களையும் வைத்துத் தன் ஓவியத்தை அடியோடு மாற்றினார்.

அப்புறம் இன்ஸ்டாகிராம். விளையாடிய அன்றைக்கே போடாதீர்கள். எதற்கு லைக் விழுந்ததோ அதையே மறுநாள் கை வரையும். அந்த வாரக் கடைசி வரை தாள்கள் பீரோவிலேயே கிடக்கட்டும். எதைக் கிழித்துப் போடுவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யலாம்.