சீமை அத்திக் குச்சி முதல் மா ஒட்டு வரை: வீட்டிலேயே பழக்கன்று உருவாக்கலாம்

சீமை அத்தி என்று கேட்டு வாங்கி வந்து, இரண்டு வருடம் வளர்த்த பிறகு அது நாட்டு அத்தி என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும். பலருக்கு இது நடக்கிறது. இலையைப் பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துவிடலாம். சீமை அத்தி இலை அகலமாக, மூன்று அல்லது ஐந்து மடல்களாகப் பிரிந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நாட்டு அத்தி இலை பிளவே இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். அதன் காய் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால், நீங்கள் பழம் தின்று பார்த்த மரத்திலிருந்தே ஒரு குச்சி கேட்டு வாங்கிக் கன்று போடுங்கள். குச்சியில் வரும் கன்று தாய் மரத்தின் அச்சு அசல். விதையில் அப்படி வராது. அதிலும் நம் நாட்டில் அதிகம் வளர்க்கும் பூனா அத்தி, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கிற ரகம். அதன் விதைக்குள் கரு இருக்காது, போட்டாலும் முளைக்காது. மாங்கொட்டை முளைக்கும். ஆனால் பழம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, காய்க்க ஆறேழு வருடமும் ஆகும். ஒட்டு மா 3, 4 வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும்.

அத்திக்குக் குச்சி நடவு, கொய்யாவுக்கும் மாதுளைக்கும் விண் பதியம், மாவுக்கு மென்தண்டு ஒட்டு என்று மூன்று முறைகளைப் பார்ப்போம். எளிதானது முதலில்.

மூன்றுக்கும் அடிப்படை

வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை, தண்ணீர் குடிக்க வழி இல்லை. ஆனால் பட்டை வழியாகவும் இலை வழியாகவும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். வேர் விடும்வரை, அல்லது ஒட்டு சேரும்வரை, அது காய்ந்துவிடக் கூடாது. காயக் கூடாதே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அழுகிவிடும். காயாமலும் அழுகாமலும் சில வாரம் குச்சியைக் காப்பாற்றுவதுதான் மொத்த வேலையும். கவர் போட்டு மூடுவது, இலையைக் கிள்ளுவது, நிழலில் வைப்பது எல்லாம் இதற்காகத்தான்.

அத்திக் குச்சி நடவு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை நல்ல காலம். அப்போது அத்தி இலை உதிர்த்து ஓய்வில் இருக்கும். நம் சமவெளியில் முழுக்க உதிராவிட்டாலும் வளர்ச்சி மந்தமாகிவிடும். சேமித்த சத்து குச்சியிலேயே இருப்பதால் வேர் விட அது உதவும். ஏப்ரல், மே வெயிலில் ஆரம்பிக்க வேண்டாம்.

1. போன வருடம் வளர்ந்த, பச்சை மாறிப் பழுப்பு நிறத்துக்கு வந்த கிளையைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் தடிமனோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ இருக்கலாம். நுனியில் உள்ள மெல்லிய பச்சைத் தண்டு சீக்கிரம் அழுகும், அது வேண்டாம். இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தேமல் தெரிகிற மரத்தில் குச்சியே எடுக்காதீர்கள். அந்த வைரஸ் குச்சியோடு கூடவே வந்துவிடும்.

2. 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு, 3, 4 கணு இருக்கும்படி வெட்டுங்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக இருக்கட்டும், மேல் வெட்டு சாய்வாக. நடும்போது தலைகீழாகப் போகாமல் இருக்க இந்த அடையாளம் உதவும். வேர் கணுவைச் சுற்றித்தான் அதிகம் கிளம்பும்.

3. வெட்டியதும் பால் வடியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அத்திப் பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் வரும், தழும்பு பல நாள் இருக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். குச்சியின் பாலைத் துடைத்து, பால் நிற்கும்வரை நிழலில் வையுங்கள்.

4. இலை இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சின்னக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கிள்ளுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். வேருக்குப் போக வேண்டிய சத்தை அது தின்றுவிடும்.

5. வேர் ஊக்கி தேவையா? அத்திக்கு அவசியமில்லை, அதுவாகவே வேர் விடும். கையில் ஐபிஏ என்ற வேர் ஊக்கிப் பொடி இருந்தால் அடி நுனியில் தொட்டுக்கொள்ளலாம்.

6. கோகோபீட்டையும் (தேங்காய் நார்த் துகள்) மணலையும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு, மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். எம்-சாண்ட் என்றால் தூசு போகக் கழுவ வேண்டும். தொழு உரம், மண்புழு உரம் எதுவும் இப்போது வேண்டாம். வேர் இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? அது அழுகலுக்குத்தான் துணைபோகும்.

ஈரப்பதம் பார்ப்பதைக் கொஞ்சம் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள், பாதி வெற்றி இதில்தான். கலவையை ஒரு கைப்பிடி எடுத்து நன்றாக இறுக்குங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான ஈரம். தண்ணீர் ஒழுகினால் பிழிந்து எடுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் இன்னும் தெளிக்க வேண்டும்.

7. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அடியில் நாலைந்து துளை போட்டுக் கலவையை நிரப்புங்கள். கண்ணாடிபோலத் தெரிகிற பாட்டில் என்றால், தோண்டிப் பார்க்காமலே வேரைப் பார்க்கலாம். ஒரு கணு மட்டும் வெளியே தெரியும்படி குச்சியைச் செருகி, சுற்றிலும் அழுத்திவிடுங்கள். வேருக்கு இருட்டு வேண்டும், அதனால் பாட்டிலைச் செய்தித்தாளால் சுற்றிவையுங்கள்.

8. மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து, வெளிச்சம் வரும் ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். கவரின் உள்பக்கம் நீர்த்துளி படிந்திருக்கும்வரை தண்ணீர் தேவையில்லை.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். இரண்டு வாரத்தில் மொட்டு உடைந்து இலை வரும். உடனே "வேர் பிடிச்சிருச்சு" என்று கவரை எடுத்து வெயிலில் வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் கன்று துவண்டுபோகும். அந்த இலை குச்சியில் இருந்த சேமிப்பில் வந்தது, வேர் இருப்பதற்கு அது சாட்சி இல்லை. துவண்டதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். செய்தித்தாளை விலக்கிப் பாட்டில் ஓரத்தைப் பாருங்கள். முதலில் கணுவைச் சுற்றி வெள்ளையாகப் பருப்பருவாகப் புடைக்கும், பிறகு அங்கிருந்து வெள்ளை வேர் நீளும். 4 முதல் 8 வாரம் ஆகலாம். தயவுசெய்து இழுத்துப் பார்க்காதீர்கள். அந்த வயதில் வேர் கண்ணாடி மாதிரி ஒடியும்.

பாட்டில் ஓரமெங்கும் வேர் ஓடி, நுனிகள் பழுப்பாகத் தொடங்கியதும் கவரில் ஒரு துளை போடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு. ஒரு வாரம் பத்து நாளில் கவரையே எடுத்துவிட்டு, மண், மணல், மக்கிய உரம் கலந்த தொட்டிக்கு மாற்றலாம். முதல் இரண்டு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில், அதன்பிறகு முழு வெயில்.

விண் பதியம்: கொய்யா, மாதுளை, எலுமிச்சை

கொய்யாக் குச்சி வீட்டுச் சூழலில் லேசில் வேர் விடாது. அதற்கு விண் பதியம்தான் நல்லது. கிளை தாய் மரத்திலேயே இருக்கும்போது வேர் வரவழைக்கிறோம். தண்ணீரைத் தாயே கொடுக்கும், காய்ந்துபோகும் பயம் குறைவு. குச்சி அழுகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் அத்திக்கும் இதையே செய்யலாம். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை, காற்றில் ஈரம் இருக்கும்போது கட்டுங்கள்.

பென்சில் தடிமனுள்ள, நேரான, நோயில்லாத கிளையில் நுனியிலிருந்து ஒன்றரை அடி கீழே இடம் பாருங்கள். அங்கே 2.5 செ.மீ. இடைவெளியில் கிளையைச் சுற்றி இரண்டு கீறல் போட்டு, நடுவிலுள்ள பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். உள்ளே வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டித் துடைத்துவிடுங்கள். இந்தப் படலம் மிஞ்சினால் பட்டை மீண்டும் மூடிக்கொள்ளும், வேர் வராது. இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டை இல்லாததால் அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும், வேர் அங்கிருந்துதான் கிளம்பும். தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடாது.

ஐபிஏ பொடி இருந்தால் மேல் விளிம்பில் தடவுங்கள். முன்பு சொன்ன அளவு ஈரத்தில் இரண்டு கைப்பிடி கோகோபீட்டை வளையத்தைச் சுற்றி அப்பி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையையும் சணலால் கட்டுங்கள். மேல் கட்டு இறுக்கமாக இருக்கட்டும், மழைநீர் உள்ளே இறங்கக் கூடாது.

6 முதல் 8 வாரத்தில் தாள் வழியாக வேர் தெரியும். வெள்ளை வேர் பழுப்பாகும்வரை காத்திருங்கள். பிறகு பொதிக்குக் கீழே பாதி ஆழம் மட்டும் வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுதாக வெட்டி எடுங்கள். இலையில் பாதியைக் கத்தரித்துத் தொட்டியில் வைத்து, மூன்று நாலு வாரம் நிழலில் வளர்த்தால் போதும்.

மாவில் மென்தண்டு ஒட்டு

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் ஒட்டு மாங்கன்று தயாரிப்பதே பலருக்குத் தொழில். அவர்கள் கை வேகம் நமக்கு வராது, வரவும் வேண்டாம். நாலைந்து கன்று சேர்த்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கட்டுங்கள்.

ஒட்டில் அடியில் வேரோடு இருப்பது கொட்டையில் முளைத்த வேர்க்கன்று, அதன் மேல் பொருத்துவது நல்ல ரகத்தின் ஒட்டுக்குச்சி. மாம்பழக் காலத்திலேயே வேர்க்கன்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கொட்டையை ஒரு மாதத்துக்குள் விதைத்துவிடுங்கள், நாள் ஆக ஆக முளைப்பு குறையும். தண்டு பென்சில் தடிமனுக்கு வந்து, நுனியில் புதுத் தளிர் செம்பு நிறத்தில் விடும்போது ஒட்டுக் கட்டலாம். ஆடியிலிருந்து புரட்டாசிவரை தோதான காலம்.

ஒட்டுக்குச்சியை மரத்தில் இருக்கும்போதே தயார் செய்ய வேண்டும். இமாம்பசந்தோ பங்கனப்பள்ளியோ, நல்லாக் காய்க்கிற மரத்தில், பூக்காத நுனிக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். வேர்க்கன்றின் அதே தடிமன் இருக்கட்டும். ஒட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்னால், காம்பின் அடிப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு இலைகளை வெட்டுங்கள். தொட்டால் காம்பு உதிர்கிற நேரத்தில் நுனி மொட்டு புடைத்திருக்கும். அப்போது 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே கட்டிவிடுவது நல்லது.

கட்டும் விதம்:

1. புது பிளேடு எடுத்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும், நசுங்கியது சேராது.

2. வேர்க்கன்றின் நுனியைப் புதுத் தளிர்ப் பகுதியில் நேராக வெட்டுங்கள். கீழே உள்ள பழைய இலைகள் இருக்கட்டும். தண்டின் நடுவில் 4 செ.மீ. ஆழத்துக்குப் பிளவு போடுங்கள்.

3. ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி, அதே நீளத்துக்கு ஆப்பு வடிவம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் முகம் அலை அலையாகி இடைவெளி விழும். வெட்டு முகத்தை விரலால் தொடாதீர்கள். முதலில் வேப்பங்குச்சியிலோ செம்பருத்திக் குச்சியிலோ சீவிப் பழகிக்கொள்வது நல்லது.

4. ஆப்பைப் பிளவுக்குள் இறக்குங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய பச்சைக் கோடு தெரியும். ஒட்டு சேர்வது அந்தக் கோட்டில்தான். இரண்டு கோடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தடிமன் வேறாக இருந்தால் குச்சியை நடுவில் வைக்காதீர்கள். ஒரு ஓரத்துக்குத் தள்ளி, அந்தப் பக்கத்துக் கோட்டையாவது பொருத்துங்கள்.

5. 2 செ.மீ. அகலப் பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி முடிச்சிடுங்கள். காற்றோ தண்ணீரோ உள்ளே போகக் கூடாது.

6. குச்சி ஐஸ் கவரை மேலே மாட்டி, ஒட்டுக்குக் கீழே கட்டுங்கள்.

கன்றை நிழலில் வைத்து, மண்ணில் மட்டும் தண்ணீர் விடுங்கள். 15, 20 நாளில் மொட்டு விரியும், அப்போது கவரைக் கழற்றலாம். குச்சி கறுத்துவிட்டால் அந்த ஒட்டு போய்விட்டது. ஆனால் வேர்க்கன்று சாகாது, மறுபடி தளிர்க்கும்போது திரும்பக் கட்டலாம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளுங்கள். விட்டால் அது முந்திக்கொண்டு ஒட்டுக்குச்சியைப் பட்டினி போட்டுவிடும். நாடாவை 3 மாதம் கழித்து அறுத்துவிட வேண்டும், மறந்தால் தண்டை இறுக்கி வெட்டும்.

எதோடு எது சேரும்

நெருங்கிய உறவு மரங்களே ஒட்டும். மாவோடு மா, எலுமிச்சை வகையோடு எலுமிச்சை வகை. சப்போட்டாவை அதன் உறவு மரமான பாலாவின் வேர்க்கன்றில் ஒட்டுவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். சீமை அத்தியை நாட்டு அத்தி வேரில் ஒட்டலாம். மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுத் தொல்லை இருந்தால் நாட்டு அத்தி வேர் தாங்கும். மல்பெரியும் மாதுளையும் அத்தி மாதிரியே குச்சியில் வந்துவிடும்.

நிலத்தில் நடும்போது ஒட்டுக் கன்றின் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும், மண்ணணைக்கும்போதும் மூடிவிடக் கூடாது. அத்திக் குச்சிக் கன்றைக் கொஞ்சம் ஆழமாக நட்டாலும் பரவாயில்லை, புதைந்த கணுவிலும் வேர் வரும். ஒட்டு மா முதல் வருடமே பூத்தால் அந்தப் பூவைக் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வருடமும் இப்படியே செய்தால் கிளை கட்டி, காயைத் தாங்கும் பலம் வரும்.