விஎம் டிஸ்க் ஹோஸ்டில் மவுன்ட் ஆகவில்லையா? பேஸ் ஃபைலில் கை வைக்காதீர்கள்

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி, மாரத்தஹள்ளி பக்கம் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள், விஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) பூட் ஆகவில்லை என்றதும் அதன் டிஸ்க்கை ஹோஸ்டிலேயே, அதாவது விஎம்மை ஓட்டும் கம்ப்யூட்டரிலேயே, மவுன்ட் செய்து (ஃபோல்டர்போல் இணைத்து) டேட்டாவை எடுக்கப் பார்க்கிறார்கள். யோசனை சரிதான். ஆனால் ஒவ்வொரு பேட்ச்சும் அதே பள்ளத்தில் விழுகிறது. சூடோ மறப்பது, பாத் தப்பாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எரர் மெசேஜே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்னாப்ஷாட் இருக்கும்போது பேஸ் ஃபைலை மவுன்ட் செய்வது

ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு பையன் செய்தது இது. ஃபோல்டரில் 40 ஜிபியில் ஒரு கியூகவ்2 (விஎம்மின் டிஸ்க் ஃபைல்), 3 ஜிபியில் இன்னொன்று. பெரியதுதான் டிஸ்க் என்று நினைத்து அதை மவுன்ட் செய்தான். உள்ளே மூன்று வாரப் பழைய ஃபைல்கள். டேட்டா போய்விட்டதென்று பயந்து, ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டினான். போனது அந்த நிமிடத்தில்தான்.

ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையை உறையவைத்தால், பழைய பெரிய ஃபைல் பேஸ் ஆகிவிடும். சின்ன ஃபைல்தான் ஓவர்லே. ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு மாறிய பிளாக்குகள் மட்டும், வழக்கமாக 64 கேபி துண்டுகளாக, அதில் இருக்கும். மற்றதெல்லாம் பேஸிலிருந்து படிக்கப்படும். பேஸில் ஏதாவது எழுதினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. விஎம்டிகே (விஎம்வேரின் டிஸ்க் ஃபைல்) என்றால் சிஐடி என்ற அடையாள எண் பொருந்தவில்லை என்று திறக்கவே மறுக்கும். கியூகவ்2 வாயே திறக்காது, பாழான ஃபைல்சிஸ்டத்தை அப்படியே தந்துவிடும். அதனால்தான் இந்தத் தவறு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது.

முதலில் கியூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ --பேக்கிங்-செயின் ஓட்டி, சங்கிலியில் எது மேலே இருக்கிறதென்று பாருங்கள். டிஸ்க் ஃபைலை என்பிடி0 போன்ற டிவைஸாகக் காட்டும் கியூஎமு-என்பிடிக்கு அந்த மேல் ஃபைலை --ரீட்-ஒன்லி போட்டுக் கொடுங்கள். விஎம் சரியாக ஷட்டவுன் ஆகாமல் இருந்தால், ஜர்னலை (பாதியில் நின்ற எழுத்துகளின் பதிவு) ரீப்ளே செய்ய முடியாமல் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆக மறுக்கும். இங்கேதான் பலர் ரீட்-ஒன்லியை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். ஆர்ஓ,நோலோட் என்று மவுன்ட் செய்யுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ஆர்ஓ,நோரெகவரி. ஜர்னல் ரீப்ளே ஆகியே தீர வேண்டுமென்றால், மேல் ஃபைலைப் பேக்கிங்காக வைத்து ஒரு தற்காலிக ஓவர்லே உருவாக்கி, அதை மவுன்ட் செய்யுங்கள். எழுத்தெல்லாம் அதற்குள் போகும். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்

மவுன்ட் செய்வதற்கு முன் விஎம்மை ஷட்டவுன் செய்யுங்கள். சஸ்பென்ட் போதாது.

"பேட் சூப்பர்பிளாக்" என்றதும் ரிப்பேரில் இறங்குவது

பெரும்பாலும் சூப்பர்பிளாக்கில் (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் இடம்) கோளாறே இருக்காது. பார்ட்டிஷனை விட்டுவிட்டு முழு டிஸ்க்கையும் மவுன்ட் செய்திருப்பீர்கள். என்பிடி0 அல்ல, என்பிடி0பி1. எல்எஸ்பிஎல்கே ஓட்டினால் தெரிந்துவிடும். ரா இமேஜில் (டிஸ்க்கின் நேரடி நகல்) பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டாரில் தொடங்கினால் ஆஃப்செட் 2048 × 512 = 1048576 பைட். லோசெட்டப் -எஃப்பி போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

எல்விஎம்

எல்விஎம் என்பது பார்ட்டிஷன்களை ஒரு தொகுப்பாக்கி (விஜி), அதிலிருந்து லாஜிக்கல் வால்யூம்களைப் பிரித்துத் தரும் முறை. எல்விஎம்2_மெம்பர் என்று எரர் வந்தால் அந்தப் பார்ட்டிஷனை நேராக மவுன்ட் செய்ய முடியாது. விஜிசேஞ்ச் -ஏஒய் கொடுத்து, உள்ளே இருக்கும் லாஜிக்கல் வால்யூமை மவுன்ட் செய்யுங்கள். ஹோஸ்டிலும் விஎம்மிலும் உபுண்டு-விஜி என்று ஒரே பெயர் இருந்தால் மோதும். அப்போது பெயரை நம்பாமல் யுயுஐடியைப் பார்த்து, தற்காலிக ஓவர்லேயில் மட்டும் விஜிரீநேம் செய்யுங்கள். ஹோஸ்டின் விஜியில் கை வைத்தால் ஹோஸ்டே பூட் ஆகாமல் போகலாம்.

விண்டோஸ் ஹோஸ்ட்

கம்ப்ரஸ் செய்த ஃபோல்டரில் இருக்கும் விஹெச்டிஎக்ஸ் (ஹைப்பர்-வியின் டிஸ்க் ஃபைல்) மவுன்ட் ஆகாது. வெளியே காப்பி செய்யுங்கள்.

கழற்றும் வரிசை

யுமவுன்ட், விஜிசேஞ்ச் -ஏஎன், பிறகு கியூஎமு-என்பிடி --டிஸ்கனெக்ட். விஎம்மை அதற்குப் பிறகு ஆன் செய்யுங்கள்.