"எங்க பரம்பரையிலேயே டி.பி. இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. முதலில் தாத்தாவுக்கு டி.பி. சில வருஷம் கழித்து மகனுக்கு. அப்புறம் கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு. "எங்க ரத்தத்துலயே இருக்குப்பா" என்பார் அந்த வீட்டு அம்மா. மூன்று பேரும் படுத்தது ஒரே அறையில். அங்கிருந்த ஒற்றை ஜன்னலும் கொசுவுக்குப் பயந்து சாத்தியே கிடக்கும்.

காசநோயைப் பரம்பரை வியாதி என்று நினைப்பதுதான் முதல் தவறு. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால் வருவது அது. உள்ளே போன கிருமி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது போலத் தோன்றுகிறது. மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. கிருமி தொற்றியவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. அது யாருக்கு என்பதில் சத்துக்குறைவு, சர்க்கரை, எச்.ஐ.வி., புகை ஆகியவற்றோடு மரபணுவும் சேர்கிறது. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு டி.பி. வந்தால், மற்றவருக்கும் வருவது சாதாரண இரட்டையரைவிட அதிகம் என்று 1943-லேயே நியூயார்க்கில் கண்டார்கள். ஆனால் உங்களுக்கு வருமா வராதா என்று அடித்துச் சொல்லும் மரபணுப் பரிசோதனை இன்றுவரை இல்லை. அதற்காகப் பணம் கட்டாதீர்கள்.

"தலைவிதி" என்று உட்கார்ந்துவிடுவதால் வரும் நஷ்டம்தான் பெரியது. ஒருவருக்கு நோய் உறுதியானதும் வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். "எனக்கு இருமலே இல்லையே" என்று நழுவக் கூடாது. நோய் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு அது வராமல் தடுக்கவே மாத்திரை இருக்கிறது; அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்றில், நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது.

"அந்தக் குடும்பத்துல பெண் எடுக்காதே" என்பதும், நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதும் வேண்டாம். தட்டால் இது பரவாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். 1950-களின் கடைசியில் நம் சென்னையில் நடந்த ஆய்வே இதற்குச் சாட்சி: சானடோரியத்துக்கு (டி.பி. நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனைக்கு) அனுப்பாமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை.

நிஜமாகவே மரபணுக் கோளாறால் வருவதும் உண்டு, மிக அரிதாக. டி.பி.யைத் தடுக்கப் பிறந்ததும் போடும் ஊசி பி.சி.ஜி. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாத, அந்த ஊசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே சில குழந்தைகளின் உடம்பெங்கும் பரவிவிடும். கிருமியைக் கொல்ல உடம்புக்கு உத்தரவு தரும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் அவர்களிடம் வேலை செய்யாது என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு சற்று அதிகம். ஊசி போட்ட இடத்தில் சின்னப் புண் வந்து தழும்பாவது இயல்புதான். அக்குளில் கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் விடாமல் குழந்தை இளைத்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூத்த குழந்தைக்கு இப்படி நடந்திருந்தால், அடுத்த குழந்தைக்குப் பிரசவ வார்டிலேயே பி.சி.ஜி. போடுவதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.