ஆறு போய்விட்டது என்று நம்பி வீடு கட்டாதீர்கள்

2008 ஆகஸ்ட் 18. நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் ஓடியது வினாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி. கரையோ 9.5 லட்சம் கன அடி தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. பெருவெள்ளம் வந்தால்தான் ஆறு தடம் மாறும் என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோசி இமயமலையிலிருந்து மணலும் வண்டலுமாக இறங்கி, நேபாளத்தின் சத்ரா பக்கம் சமவெளியைத் தொடுகிறது. சரிவு குறைந்ததும் வேகம் குறையும். சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிடும். வருடா வருடம் படுகை மேடாகும். மேட்டில் எத்தனை நாள் ஓடும்? பக்கத்தில் பள்ளம் கண்டால் இறங்கிவிடும். அப்படித்தான் ஒரு காலத்தில் பீகாரின் பூர்ணியா பக்கம் ஓடிய ஆறு, சுமார் 250 ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது.

சரி, கரை கட்டினால் அடங்கிவிடாதா? 1950களில் இருபுறமும் கட்டத் தொடங்கினார்கள். முன்பு வயலெல்லாம் பரவிய வண்டல், இரண்டு கரைகளுக்கு நடுவே குவிந்தது. பல இடங்களில் படுகை வெளியே உள்ள நிலத்தைவிட உயர்ந்துவிட்டது. அதனால் 2008இல் கரை உடைந்ததும் ஆற்றின் பெரும்பகுதி பழைய தடங்கள் வழியாகக் கிழக்கே பாய்ந்தது. பீகாரின் சுபௌல், மதேபுரா மாவட்டங்களில், கோசியைத் தாத்தா காலத்துக் கதையாக மட்டும் கேட்டிருந்த ஊர்களிலும் தண்ணீர் புகுந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். ஆறு விட்டுப்போன தடம் வயலாகலாம், தெருவாகலாம். பள்ளம் பள்ளமாகவே கிடக்கும்.

ஆற்றோரம் மனை வாங்குகிறவர்கள் மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் கடைசியாக வடிகிற தாழ்வு நீளமாக வளைந்து போனால், அது பழைய தடமாக இருக்கலாம். கிணறு தோண்டும்போது களிமண்ணுக்குக் கீழே ஆற்றுமணல் வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஆற்று வளைவு. உள்பக்கம் மணல் மெல்லச் சரிந்து, நாணல் முளைத்திருக்கும். வெளிப்பக்கம் கரை சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். உயரமாயிற்றே என்று அங்கேதான் பலர் இடம் பிடிக்கிறார்கள். அதன் விளிம்பில் மர வேர்கள் மண் பிடிப்பின்றி அந்தரத்தில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால், ஆறு இப்போதும் அந்தப் பக்கம்தான் அரித்துக்கொண்டு வருகிறது.